லினன் சட்டை எங்கே ஒடிகிறது?

சித்திரை மாதக் கடைசியில் ஒரு மதியம். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். பதினைந்து வருஷமாக என்னிடம்தான் சட்டை தைக்கிறார். மஞ்சள் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, நீங்க சொல்லித்தான் லினன் எடுத்தேன். இன்னும் முழுசா ரெண்டு வருஷம் ஆகல. பாருங்க."

காலரைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றிக் காலர் மடங்குகிற கோட்டில், பிளேடால் கீறியதுபோல நூல் அறுந்து உள்ளே கேன்வாஸ் தெரிந்தது. முழுக்கையில் இஸ்திரி மடிப்பு விழும் இடத்தில், முழங்கைக்கு மேலே இரண்டு இடங்களில் அதே கீறல். முதுகுத் துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. அக்குளில் தையல் பிரியவில்லை. பட்டன் பட்டியும் காஜாவும் கீழ் மடிப்பும் தைத்த அன்று இருந்தபடியே இருந்தன.

துணி மட்டமாக இருந்தால் எல்லா இடத்திலும் நைந்திருக்கும். இது மடிப்பில் மட்டும் ஒடிந்திருந்தது.

"கஞ்சி போட்டுத் தேய்ச்சீங்களா ஐயா?"

"பின்ன? ஒவ்வொரு துவைப்புக்கும் போடுவேன். இல்லாட்டி கசங்கிப்போய் நிக்குதே."

அவர்மேல் தப்பில்லை. நாற்பது வருஷம் பருத்திச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்த கை அது. இந்தத் துணிக்கு அது ஆகாது என்று தைத்துக் கொடுத்த நான்தான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அன்று முதல் லினன் துணியோடு வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேசுகிறேன். இங்கே எழுதுவதும் அந்தப் பேச்சுதான்.

ஆளிச் செடியின் நார்

நான் திருச்சி உறையூர்க்காரன். அப்பா கைத்தறி நெசவாளி. பாவும் ஊடையும் பார்த்து வளர்ந்தவன் தையலுக்கு வந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. பருத்தியின் போக்கு கைக்குப் பழகியது. லினனைத்தான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை கேட்டால் பழுப்பு நிறத்தில் வழவழப்பான சிறு விதையைக் கொடுப்பார்கள். அந்தச் செடியின் தண்டிலிருந்து வருவதுதான் லினன். கிரிக்கெட் மட்டைக்குத் தடவுகிற லின்சீட் ஆயிலும் அதே விதையின் எண்ணெய்தான். நம் நாட்டில் ஆளியைப் பெரும்பாலும் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். துணிக்கான ரகம் வேறு. கிளை அதிகம் விடாமல் இடுப்பளவு உயரத்துக்கு நெட்டையாக வளரும். பிரான்சின் நார்மண்டியில் தொடங்கி பெல்ஜியம் வழியாக நெதர்லாந்துவரை போகும் கடலோரப் பகுதிதான் அதற்குப் பேர்போனது. உலகிலேயே அதிகமாக இந்த நாரை விளைவிக்கும் நாடு பிரான்ஸ். ஈரக்காற்றும் மிதமான வெயிலும் சீரான மழையும் அங்கே இருப்பதால் பெரும்பாலும் பாசனம் இல்லாமலேயே விளைகிறது.

மார்ச், ஏப்ரலில் விதைத்தால் சுமார் 100 நாளில் அறுவடை. ஜூனில் நீலப் பூ பூக்கும். ஒரு பூ காலையில் சில மணி நேரம் விரிந்து உதிர்ந்துவிடும். செடியை அறுப்பதில்லை, வேரோடு பிடுங்குகிறார்கள். நாரின் நீளத்தில் ஓர் அங்குலமும் வீணாகக் கூடாது என்பதற்காக. பிடுங்கியதை வயலிலேயே பரப்பி, பனியிலும் மழையிலும் சில வாரம் போட்டுவைக்கிறார்கள். தண்டில் நாரை ஒட்டவைத்திருக்கும் பசை அதில் அழுகி இளகும். நம் பக்கம் சணலைக் குளத்தில் ஊறப்போட்டு நார் உரிப்பதும் இதே வேலைதான். சணலும் லினனும் வேறுவேறு செடி என்றாலும் இரண்டும் தண்டின் பட்டையிலிருந்து வரும் நார். தமிழ் பைபிளில் பல இடங்களில் லினனைச் 'சணல்நூல்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அது பொருத்தமான சொல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காய்ந்த தண்டை நசுக்கி, அடித்து, சீப்பால் சீவியெடுத்தால் ஒரு முழத்துக்கும் மேலே நீண்ட நார் கிடைக்கும். பருத்திப் பஞ்சின் இழை மூன்று சென்டிமீட்டர் வந்தாலே நல்ல ரகம். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். லினன் துணியில் பொங்கு எழும்பாததும், பல வருஷம் போட்டாலும் உருண்டை உருண்டையாகத் திரளாததும் இதனால்தான். நீள நாரில் வெளியே துருத்தி நிற்கிற முனைகள் குறைவு.

நைஸான நூலை வெந்நீரில் நனைத்துத்தான் நூற்கிறார்கள். நம் நாட்டிலும், கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவில் பெரிய லினன் நூற்பாலை இருக்கிறது. ஆனால் துணிக்கான நார் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்துதான் கப்பலில் வருகிறது. பருத்திச் சட்டைத் துணியைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விலை இருப்பதற்கு இது ஒரு காரணம். நூல் நீளாது என்பதால் தறியில் அடிக்கடி அறுந்து நெசவு மெதுவாக நடப்பது இன்னொரு காரணம்.

வெயிலில் என்ன செய்கிறது?

திருச்சி வெயிலுக்கு லினன் நல்ல துணி. இதை விற்பனைப் பேச்சாகச் சொல்லவில்லை, போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். என் கடையில் மேலே தகரக் கூரை. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி எந்நேரமும் சூடாகவே இருக்கும்.

நார்கள் காற்றிலிருந்து எவ்வளவு ஈரத்தை உள்ளே வாங்கும் என்பதற்கு ஆலைகளில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். உலர்ந்த லினன் 100 கிராமுக்கு 12 கிராம், பருத்தி 8.5 கிராம், பாலியெஸ்டர் அரை கிராமைத் தொடாது. ஆகவே முதுகில் வேர்த்தால் லினன் அதை உறிஞ்சிக்கொண்ட பிறகும் சட்டென்று நனைந்ததாகத் தெரியாது. வாங்கிய ஈரத்தைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடும். காலையில் துவைத்துக் கொடியில் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நாருக்கு விறைப்பு இருப்பதால் துணி உடம்போடு ஒட்டாமல் தள்ளி நிற்கும். தோலுக்கும் துணிக்கும் நடுவில் காற்று ஓடும். பொங்கில்லாத வழவழப்பான பரப்பு என்பதால் கை வைத்தவுடன் சில்லென்று இருக்கும். உடம்புச் சூட்டை வேகமாக வாங்கி வெளியே கடத்திவிடும்.

சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கொஞ்சம் குறைத்தே எதிர்பார்க்க வேண்டும். காற்றே ஈரமாக இருந்தால் எந்தத் துணியிலிருந்தும் வேர்வை சீக்கிரம் ஆவியாகாது. மின்விசிறியோ கடற்காற்றோ இருக்கும் இடத்தில் லினனின் அருமை தெரியும். அடைத்த அறையில் பருத்திக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இன்னொரு நல்ல குணம், நனைந்தால் இது பலம் கூடும் நார். பருத்தியைவிடவும் பலமானது, ஈரத்தில் அந்தப் பலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். புதுத்துணி சிலருக்குக் கழுத்தில் உறுத்தும். ஐந்தாறு துவைப்பு ஆகட்டும், அப்புறம் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்வேன்.

அதே விறைப்புதான் குறையும்

இவ்வளவு பலமான துணி காலரில் ஏன் ஒடிந்தது? பெரியவர் கேட்டதும் இதைத்தான்.

பருத்தி நூலை இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். லினன் நூறில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் நீளாது. இழுத்தால் தாங்கும், வளைத்தால் வளைந்த இடத்திலேயே நிற்கும். துணி கசங்குவது இதனால்தான். நீங்கள் நாற்காலியில் சாயும்போது நார் மடங்குகிறது. எழுந்தபின் பழைய நிலைக்குத் திரும்புகிற துள்ளல் அதற்குக் கிடையாது. ஆகவே விலை உயர்ந்த லினன் வாங்கினால் கசங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுத்தமான லினன் எந்த விலையிலும் கசங்கும்.

கசங்குவதால் துணிக்குக் கேடில்லை. கசங்கல் தினமும் வேறு வேறு இடத்தில் விழுகிறது. கேடு செய்வது ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப விழும் கூர்மையான மடிப்பு. அந்தக் கோட்டில் கஞ்சி சேர்ந்தால் நார் இன்னும் இறுகுகிறது. அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்திக் கத்திமுனை மடிப்பு எடுக்கிறோம். அடுத்த வாரம் அதே இடம், அதற்கடுத்த வாரமும் அதே இடம். கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல நார் ஒடிந்துபோகிறது. காலர் மடிப்பு, கைமடிப்பு, பேன்ட்டின் முன்மடிப்பு மூன்றும்தான் முதலில் போகும் இடங்கள்.

கசங்கலால் கேடில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜின் பெட்ரி அருங்காட்சியகத்தில் ஒரு லினன் மேலாடை இருக்கிறது. எகிப்தில் தர்கான் என்ற இடத்தின் கல்லறையிலிருந்து 1913இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி எடுத்துவந்த துணிப் பொதியில் இருந்தது. அழுக்குத் துணிக் குவியலாகக் கிடந்ததைச் சுத்தம் செய்யப் போய், 1977இல்தான் உள்ளே ஒரு உடை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கார்பன் சோதனையில் அதன் காலம் கி.மு. 3482க்கும் 3102க்கும் இடையில் என்று தெரிந்தது. அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் கைகளைத்தான் பார்த்தேன். நெருக்கமாகக் கொசுவம் வைத்த கைகள். முழங்கையிலும் அக்குளிலும் போட்டவர் உடம்பு விட்டுப்போன சுருக்கங்கள் இன்றும் அதில் இருக்கின்றனவாம். ஐயாயிரம் வருஷமாக லினன் கசங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கசங்கியபடியே இருந்தும் வந்திருக்கிறது.

கடையில் பார்க்க வேண்டியவை

துணியின் ஓரத்தில் '60 லீ' என்று அச்சடித்திருக்கும். பருத்தியில் 60ஆம் நம்பர் நூல் எவ்வளவு நைஸ் என்று தெரிந்தவர்கள் அதே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அளவு வேறு. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை என்பது பருத்தி நம்பர். ஒரு பவுண்டில் 300 கஜம் எத்தனை என்பது லீ. கணக்குப் போட்டால் 60 லீ நூல், பருத்தியில் 21ஆம் நம்பர் நூலின் பருமன்தான். நீளாத நார் என்பதால் அந்தப் பருமன் அதற்கு வேண்டும். சட்டைக்கு 60 லீ தாராளமாகப் போதும். 25, 40 லீ பேன்ட்டுக்கும் கோட்டுக்கும் நன்றாக வரும். 100 லீக்கு மேல் போனால் பார்க்க அழகாக இருக்கும். தினசரி உழைப்புக்கு எடுக்காதீர்கள்.

'லினன் லுக்', 'லினன் ஃபினிஷ்', 'லினன் ஃபீல்' என்று போட்டிருந்தால் அதில் லினன் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பாலியெஸ்டரில் தடித்த இழை மெல்லிய இழை கலந்து அதே தோற்றத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். துணியின் ஒரு மூலையை உள்ளங்கையில் பத்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து விடுங்கள். லினன் கூரான சுருக்கத்தோடு அப்படியே நிற்கும், பாலியெஸ்டர் விரிந்துகொள்ளும். வீட்டில் வெட்டுத்துண்டு இருந்தால் ஒரு நூலைக் குறடால் பிடித்து, தட்டின்மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். லினன் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து பூப்போன்ற சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி கறுப்புக் குண்டுமணியாகக் கெட்டிப்படும்.

பருத்தியும் லினனைப்போலவே எரியும். அந்த இரண்டையும் பிரித்தறிய அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு வழி. நூலை இரண்டு கையால் வெட்டி இழுத்து அறுக்க வேண்டும். அறுந்த முனை துடைப்பம்போல் பூத்திருந்தால் பருத்தி. கூராக, ஏற்ற இறக்கமாக நின்றால் லினன்.

பருத்தி கலந்த லினனையும் நான் குறைவாகச் சொல்லமாட்டேன். விலை குறைவு, கசங்கலும் கொஞ்சம் குறைவு, மடிப்பில் ஒடிவதும் தாமதமாகும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று கேட்டு, அதற்கேற்ற விலையைக் கொடுங்கள்.

தைக்கும் முன்னும் பின்னும்

நான் தைத்த முதல் லினன் சட்டையைப் பருத்தி மாதிரியே நேராக மேஜையில் விரித்து வெட்டினேன். முதல் துவைப்பிலேயே கை ஒரு இஞ்ச் மேலே ஏறிவிட்டது. துணிக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாடிக்கையாளர் அதன்பிறகு வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அதன்பிறகே வெட்டுகிறேன். இதற்காக வழக்கமாக எடுக்கும் 1.60 மீட்டருக்குப் பதில் 1.75 எடுத்துவரச் சொல்கிறேன்.

உடம்போடு பிடித்த சட்டை வேண்டும் என்பவர்களுக்கு லினன் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். துணி நீண்டு கொடுக்காது. குனிந்து நிமிர்ந்தால் இழுப்பெல்லாம் தையலுக்குப் போகும். நெசவு நெருக்கமில்லாத துணியாக இருந்தால் தையலோரம் நூல் விலகி ஜன்னல் விழும். நெஞ்சளவில் 4 இஞ்ச் லூஸ் விடும் இடத்தில் லினனுக்கு 6 விடுகிறேன். காற்றோட்டத்துக்கும் அதுதான் நல்லது. காலருக்கு ஒட்டுகிற கெட்டி கேன்வாஸை விட்டுவிட்டு மெல்லிய பருத்தித் துணியை உள்ளே கொடுக்கிறேன். பெரியவர் சட்டைக்கு நான் வைத்திருந்தது கெட்டி கேன்வாஸ். அதிலும் என் பங்கு தவறு இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. சாதாரண சோப்பு போதும்; குளோரின் பிளீச் வேண்டாம், நாரைத் தின்றுவிடும். முறுக்கிப் பிழியாமல் உதறிக் கொடியில் போடுங்கள். பாதிக் கசங்கல் அந்த உதறலிலேயே போய்விடும். இஸ்திரிப் பெட்டியின் திருகில் கடைசியாக, அதிகச் சூட்டுக்கு நேராக 'லினன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டை இந்த நார் தாங்கும். ஈரப்பதம் இருந்தால்தான் சுருக்கம் போகும். அரை ஈரத்தில் உள்பக்கமாகத் தேயுங்கள். காலரை விரித்தபடி தேய்த்துவிட்டு, கையால் மடக்கிவிட்டால் போதும். சட்டைக் கையில் மடிப்பு எடுக்க வேண்டாம். கஞ்சி வேண்டவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் முழுக்கக் காயாத லினனைப் பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும், அது போகாது. அடர் நிறத் துணி முழங்கையிலும் ஓரங்களிலும் சீக்கிரம் வெளுத்துக் காட்டும். வெளிர் நிறம் எடுப்பது நல்லது. தோளில் பை மாட்டி தினமும் வண்டியில் போகிறவர்கள், மடிப்புக் கலையாமல் நிற்க வேண்டிய வேலையில் இருப்பவர்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கு நான் பருத்தியைத்தான் சொல்வேன். அடுப்படி, வகுப்பறை, பேருந்து, பட்டறை என்று சூட்டில் நின்று வேலை செய்பவர்கள் வருஷத்துக்கு ஒரு லினன் சட்டையோ சேலையோ எடுத்தால் கொடுத்த காசு வீண்போகாது.

பெரியவரின் சட்டை

அந்தச் சட்டையைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. முழங்கைக்கு மேலே கீறல் விழுந்த இடத்துக்கும் மேலாகவே வெட்டி அரைக்கையாக்கினேன். வெட்டியெடுத்த கையின் கீழ்ப்பாதியைப் பிரித்து விரித்தேன். நடுவில் மடிப்புக் கோடு விழுந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு கையிலுமாகச் சேர்த்து ஒரு காலருக்குத் துணி தேறியது. பின்கழுத்தில் நடு இணைப்பு வைத்து வெட்டி, மெல்லிய துணி உள்ளே கொடுத்துத் தைத்தேன். பழைய துணியில் வெட்டிய காலர் என்பதால் நிறமும் சட்டையோடு அப்படியே பொருந்திவிட்டது.

வாங்கிப் போகப் பெரியவரோடு அவர் வீட்டம்மாவும் வந்திருந்தார். கஞ்சி வேண்டாம், மடிப்பு எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, பெரியவர் தயங்கித் தயங்கித் தலையாட்டினார். அந்த அம்மா இடையில் கேட்டார்:

"பட்டுப்புடவைய அப்பப்ப எடுத்து மடிப்பு மாத்தி வைப்போமே, இல்லாட்டி மடிப்புலயே இத்துப்போகும்னு. அது மாதிரியா தம்பி?"

"அதேதாம்மா," என்றேன்.

நான் கடை வழக்கப்படி காலர் மேலே தெரிய நான்காக மடித்து வைத்திருந்த சட்டையை அந்த அம்மா எடுத்தார். ஒரு உதறு உதறினார். வேறு மாதிரி, தளர்வாகச் சுருட்டினாற்போல் மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.